மூக்குக்குள் ஒரு வண்டு: ரீங்காரப் பயிற்சி பற்றி வாசகர் கேள்வி-பதில்

உதட்டை மூடிக்கொண்டு வண்டு மாதிரி 'ம்ம்ம்' என்று ரீங்கரிக்கும் பிராமரி பிரணாயாமத்தைப் பற்றிச் சென்ற இதழில் அரைப் பக்கம் எழுதியிருந்தோம். வந்த கேள்விகள் அரைப் பக்கத்தில் அடங்குவதாக இல்லை. பலர் கேட்ட ஒரே கேள்வியை ஒன்றாகச் சேர்த்திருக்கிறோம். பயிற்சி பற்றிய பதில்கள் யோகாசிரியருடையவை. மூக்கு, காது, தொண்டை பற்றியவற்றை அந்தத் துறை மருத்துவர் பார்த்துத் திருத்தியிருக்கிறார்.

யூடியூபில் மூன்று வீடியோ பார்த்தேன். ஒருவர் காதுக்குள் விரலை விடச் சொல்கிறார், ஒருவர் கண்ணை அழுத்தச் சொல்கிறார், இன்னொருவர் கையே வேண்டாம் என்கிறார். எதைத்தான் செய்வது?
– குடும்பத் தலைவி, ஈரோடு

கை வேண்டாம் என்றவரிடமிருந்து தொடங்குங்கள். முதல் ஒரு வாரம் கைக்கு வேலையே இல்லை.

சம்மணம் போட்டு உட்காருங்கள். முட்டி வலி இருந்தால் நாற்காலி போதும். பாதம் இரண்டும் தரையில் முழுதாகப் படிந்திருக்க வேண்டும், முதுகு சாய்மானத்தைத் தொடக் கூடாது. உதடுகளை மூடுங்கள், பற்களை மூடாதீர்கள். மேல் பல்லுக்கும் கீழ்ப் பல்லுக்கும் நடுவே ஓர் அரிசி நுழையும் இடைவெளி இருக்கட்டும். பல்லைக் கடித்துக்கொண்டு ரீங்கரித்தால் இரண்டே நாளில் காதுக்கு முன்னால் தாடை வலிக்கத் தொடங்கும். "பிராமரி எனக்கு ஒத்துக்கொள்ளவில்லை" என்று விட்டுவிடுகிறவர்களில் நிறையப் பேருக்குக் காரணம் இதுதான்.

மூக்கு வழியாக 3 அல்லது 4 நொடி மூச்சை இழுங்கள். நெஞ்சு புடைக்க வேண்டாம், வயிறு லேசாக முன்னால் வந்தால் போதும். முழுக் கொள்ளளவில் முக்கால் பங்கு காற்றே தாராளம். பிறகு மெல்ல 'ம்' என்று தொடங்கி 8 முதல் 10 நொடி நீட்டுங்கள். ஒலி நடுங்க ஆரம்பிப்பதற்கு முன்பே நிறுத்திவிட வேண்டும். கடைசிச் சொட்டுக் காற்றையும் பிழிந்து வெளியேற்றினால் அடுத்த மூச்சு தானாகவே வேகமாக உள்ளே வரும். அப்படி நாலைந்து மூச்சு வேகமாக இழுத்துவிட்டால் ரத்தத்தில் கரியமில வாயு குறைந்து விரல் நுனி சுறுசுறுக்கும், தலை லேசாகச் சுற்றும். அதை "சக்தி ஏறுகிறது" என்று நினைத்துக்கொள்கிறவர்கள் உண்டு. அது அளவுக்கு மீறி மூச்சு வாங்கியதன் விளைவு. அப்படி ஆனால் நிறுத்திவிட்டுச் சாதாரணமாக மூச்சு விடுங்கள், ஒரு நிமிடத்தில் சரியாகிவிடும்.

இப்படி 5 முறை செய்துவிட்டு, 3 நிமிடம் கண்ணை மூடிச் சும்மா இருங்கள். பிறகு இன்னொரு 5 முறை. எல்லாம் சேர்த்து ஆறு நிமிடத்துக்குள் முடிந்துவிடும். நடுவில் அந்த 3 நிமிடம் எதற்கு என்பது மூன்றாவது கேள்விக்கான பதிலில் வருகிறது.

ஒலி சரியான வழியில் போகிறதா என்று பார்க்க எளிய சோதனை ஒன்று: ரீங்கரித்துக்கொண்டிருக்கும்போதே மூக்கு நுனியை இரண்டு விரலால் அழுத்தி மூடுங்கள். ஒலி சட்டென்று நிற்க வேண்டும். நிற்காமல் தொடர்ந்தால் உதட்டோரம் காற்று கசிகிறது என்று அர்த்தம்.

இரண்டாவது வாரம் கையைச் சேர்க்கலாம். காது ஓட்டைக்கு முன்னால், கன்னப் பக்கம், சின்னக் கதவு போலக் குருத்தெலும்பு ஒன்று துருத்திக்கொண்டிருக்கும். அந்தக் கதவைக் கட்டை விரலாலோ ஆள்காட்டி விரலாலோ உள்நோக்கிச் சாத்துங்கள். விரலைக் காதுக்குள் விடக் கூடாது. நகம் கீறும், அழுக்கு இன்னும் உள்ளே போகும். காதைச் சாத்தியதும் ஒலி தலைக்குள் பெரிதாகக் கேட்கும். எலும்பு வழியாக வரும் அதிர்வு வெளியே தப்பாமல் காதுக்குழாயிலேயே தங்குவதால் அப்படி. மனம் ஒரே இடத்தில் நிற்க அது உதவும், வேறு மாயம் இல்லை. முழங்கையைத் தோள் உயரத்தில் தூக்கிப் பிடிக்க முடியாதவர்கள் மேசை மீது ஊன்றிக்கொள்ளலாம்.

கண்ணை அழுத்தச் சொல்வது, விரல்களால் காது, கண், மூக்கு, வாயை மூடிக்கொள்ளும் சண்முகி முத்திரையின் பகுதி. அதில் விரல்கள் இமை மீது பட்டும் படாமலும் இருக்க வேண்டும், அழுத்துவது பிழை. கண் நீர் அழுத்த நோய் உள்ளவர்களும் கண்புரை அறுவை செய்துகொண்டவர்களும் கண்ணில் கையே வைக்க வேண்டாம்.

'ம்' என்று ஒலிப்பதா, 'ங்' என்று ஒலிப்பதா? எங்கள் வகுப்பில் இரண்டும் சொல்லித்தருகிறார்கள்.
– தமிழாசிரியர், திருநெல்வேலி

உங்களுக்குத் தெரிந்ததுதான். மெல்லினம் ஆறும் மூக்கின் வழி வரும் காற்றோசையால் பிறப்பவை என்று தொல்காப்பியப் பிறப்பியலே வகுத்துவிட்டது. ங, ஞ, ண, ந, ம, ன எதுவானாலும் காற்று மூக்கு வழியாகத்தான் போகும். வித்தியாசம் அடைப்பு எங்கே என்பதில். 'ம்'மில் உதடு அடைக்கிறது, 'ங்'கில் பின் நாக்கு அண்ணத்தைத் தொட்டு அடைக்கிறது.

தொடங்குகிறவர்களுக்கு 'ம்' நல்லது. உதட்டில் குறுகுறுவென்று அதிர்வு தெரியும், பிழையை நாமே கண்டுபிடிக்கலாம். 'ங்'கில் அதிர்வு மூக்கின் பின்பக்கம் போய் உட்காரும். ஆனால் பின் நாக்கை இறுக்கிக்கொள்ளும் பழக்கம் உள்ளவர்களுக்குத் தொண்டை பிடித்துக்கொள்ளும்.

"ரீங்கரித்தால் மூக்கில் நைட்ரிக் ஆக்சைடு 15 மடங்கு கூடும், சைனஸ் அடியோடு போய்விடும்" என்று வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. உண்மையா?
– மென்பொருள் பணியாளர், சென்னை (இதே கேள்வியைக் கேட்டவர்கள் 11 பேர்)

முதல் பாதி உண்மை. இரண்டாம் பாதி யாரோ ஒட்டவைத்தது.

மூக்கைச் சுற்றிக் கன்ன எலும்பிலும் நெற்றி எலும்பிலும் கண்ணுக்கு நடுவிலும் காற்று நிறைந்த அறைகள் இருக்கின்றன. இவைதான் சைனஸ். கன்னத்தில் இருப்பது பெரியது, பெரியவர்களுக்குச் சுமார் 15 மில்லி கொள்ளும், மூன்று தேக்கரண்டி அளவு. அறை பெரிதானாலும் வாசல் சில மில்லிமீட்டர்தான். அதுவும் அறையின் உச்சியில் இருக்கிறது. தண்ணீர்த் தொட்டிக்கு வடிகுழாயை அடியில் வைக்காமல் மேலே வைத்த மாதிரி. நிமிர்ந்து நிற்கும்போது சளி தானாக வடியாது. உள்சுவரில் உள்ள நுண்மயிர்கள்தான் அதை மேல்நோக்கித் தள்ளி வாசலுக்குக் கொண்டுவர வேண்டும். ஜலதோஷத்தில் அந்த வாசல் வீங்கி மூடிக்கொண்டால் உள்ளே தேங்கி, அழுத்தம், கனம், வலி.

இந்த அறைகளின் சுவர் நைட்ரிக் ஆக்சைடு என்ற வாயுவைச் சுரக்கிறது. ரத்தக் குழாயைத் தளர்த்தும் சைகை வாயுவும் இதுதான். அந்தக் கண்டுபிடிப்புக்காக 1998-இல் மூன்று பேருக்கு மருத்துவ நோபல் பரிசு கொடுத்தார்கள். சைனஸுக்குள் இது கிருமிகளை எதிர்க்கவும் நுண்மயிர்களைச் சுறுசுறுப்பாக வைக்கவும் உதவுகிறது. சாதாரணமாக மூச்சு விடும்போது வாசலைத் தாண்டி வெளியே வருவது கொஞ்சம்தான். ரீங்கரிக்கும்போது மூக்கில் காற்று முன்னும் பின்னும் அதிர்கிறது. அந்த அதிர்வு வாசல் வழியாக அறைக் காற்றையும் மூக்குக் காற்றையும் மாற்றிப் போடுகிறது. ஸ்டாக்ஹோமின் கரோலின்ஸ்கா நிறுவனத்தில் வைட்ஸ்பெர்க், லுண்ட்பெர்க் இருவரும் 2002-இல் வெளியிட்ட ஆய்வில், அமைதியாக மூச்சு விடுவதைவிட ரீங்கரிக்கும்போது மூக்கிலிருந்து வரும் நைட்ரிக் ஆக்சைடு 15 மடங்கு இருந்தது.

இனி, அந்தச் செய்தியில் விட்டுப்போனவை. அளந்தது 10 பேரிடம், எல்லாரும் ஆரோக்கியமானவர்கள். இதனால் சைனஸ் நோய்க்குப் பலன் உண்டா என்பதை இனிமேல்தான் ஆராய வேண்டும் என்று அந்த ஆய்வாளர்களே எழுதியிருக்கிறார்கள். அடுத்து, 15 மடங்கு என்பது புதிதாகச் சுரப்பது அல்ல, சேர்ந்து கிடந்தது வெளியே வருவது. குடத்தில் இருப்பதைத்தான் சாய்க்க முடியும். அதே குழு செய்த அடுத்த சோதனையில், இடைவெளியின்றித் தொடர்ந்து ரீங்கரித்தபோது ஒவ்வொரு முறையும் அளவு குறைந்துகொண்டே போனது, 3 நிமிடம் சும்மா இருந்ததும் பழையபடி நிரம்பியது. முதல் பதிலில் நடுவே 3 நிமிட ஓய்வு வைத்தது இதற்காகத்தான். அரை மணி நேரம் மூச்சுப் பிடித்து 'ம்ம்ம்' என்று இழுப்பதைவிட, ஐந்து ஐந்தாகப் பிரித்து நாளில் மூன்று நான்கு வேளை செய்வதற்குத்தான் காரணம் இருக்கிறது.

மூன்றாவது விஷயம் உங்களுக்கே நேரடியாக வேண்டியது. மூக்கில் சதை வளர்ந்து வாசல்கள் முழுதாக அடைபட்டவர்களிடம் இந்த 15 மடங்கு உயர்வு வரவே இல்லை. வாசல் திறந்திருந்தால்தான் அதிர்வு உள்ளே போகும். சளி பிடிக்காத நாளில் சைனஸைக் காற்றோட்டமாக வைக்கவும், பிடித்தது இறங்கும் கட்டத்தில் துணையாகவும் ரீங்காரம் உதவலாம். வாசல் அடைந்து கிடக்கும்போது அதைத் திறக்கும் சாவி அது அல்ல.

கேட்ட 11 பேரில் இரண்டு பேர், "ஒருவருக்கு நாலே நாளில் குணமானதாக மருத்துவ இதழில் வந்திருக்கிறதே" என்கிறார்கள். வந்தது உண்மை, 2006-இல். அது ஒரே ஒரு ஆளின் அனுபவக் குறிப்பு. ஒரு ஆளுக்கு நாலு நாளில் சளி தானாகவும் இறங்கும்.

மூக்கடைத்திருக்கும்போது செய்தால் தலை கனத்து, காது அடைக்கிறது. விடாமல் செய்தால் திறந்துகொள்ளுமா?
– கல்லூரி மாணவர், கோவை

விட்டுவிடுங்கள். அடைத்த மூக்கில் பலமாகத் தள்ளும் காற்று, தொண்டைக்கும் நடுக்காதுக்கும் உள்ள குழாயில் போய் மோதுகிறது. அதுதான் காதடைப்பு.

எந்தப் பக்கம் எவ்வளவு அடைப்பு என்று முதலில் பாருங்கள். தண்ணீரில் கழுவித் துடைத்த எவர்சில்வர் தட்டு ஒன்றை மூக்குக்குக் கீழே படுக்கையாகப் பிடித்து, மெதுவாக மூச்சு விடுங்கள். தட்டில் இரண்டு ஆவித் திட்டு விழும். ஒன்று பெரிதாகவும் ஒன்று சிறிதாகவும் இருந்தால் கவலை வேண்டாம், மூக்குத் துளைகள் சில மணிக்கொருமுறை முறை மாற்றிக்கொள்வது இயல்பு. ஒரு பக்கம் திட்டே விழவில்லை என்றால் அன்றைக்கு ரீங்காரமும் வேண்டாம், உப்புத் தண்ணீர் விட்டு மூக்கைக் கழுவும் ஜல நேதியும் வேண்டாம்.

நேதி செய்கிறவர்கள் அளவைக் கவனியுங்கள். அரை லிட்டர் தண்ணீருக்கு அயோடின் சேர்க்காத உப்பு நாலரை கிராம், தலை தட்டிய தேக்கரண்டியில் முக்கால். உப்பு குறைந்தாலும் எரியும், கூடினாலும் எரியும். தண்ணீர் கொதிக்கத் தொடங்கிய பிறகு 1 நிமிடம் கொதித்து, மூடிவைத்து ஆறியதாக இருக்க வேண்டும். ஊட்டி, கொடைக்கானல்காரர்கள் 3 நிமிடம் கொதிக்கவிடுங்கள், உயரத்தில் தண்ணீர் குறைந்த சூட்டிலேயே கொதித்துவிடும். குழாய்த் தண்ணீரையோ கிணற்றுத் தண்ணீரையோ அப்படியே மூக்கில் விடுவது விளையாட்டில்லை. 2024-லும் 2025-லும் கேரளத்தில் அமீபா மூளைக்காய்ச்சலால் உயிர்கள் போயின. அந்த அமீபாக்களில் முக்கியமான ஒன்று மூக்கு வழியாகத்தான் மூளைக்கு ஏறுகிறது. அதே தண்ணீரைக் குடித்தால் அந்த நோய் வருவதில்லை.

நேதிக்குப் பிறகு முன்னால் குனிந்து மூக்கை வடியவிடுங்கள். ஒரு துளையை மூடி, மற்றதால் லேசாகச் சிந்துங்கள். இரண்டையும் பிடித்துக்கொண்டு பலமாகச் சிந்தினால் தண்ணீர் காதுப் பக்கம் போகும். கால் மணி நேரம் கழித்து ரீங்காரம். நொச்சி ஆவி பிடிக்கிறவர்களும் இதே இடைவெளி விடலாம். குழந்தைகளைக் கொதிக்கும் பாத்திரத்தருகே போர்வைக்குள் உட்கார வைக்காதீர்கள். சளியால் வருகிற சேதத்தைவிடக் கவிழ்கிற வெந்நீரால் வருகிற சேதம் பெரிது.

கண்ணைச் சுற்றி வீக்கம், இரட்டையாகத் தெரிவது, கடும் காய்ச்சல், 10 நாளாகியும் குறையாத சளி, குறைந்து மறுபடி ஏறுவது: இவற்றில் எது இருந்தாலும் மருத்துவரிடம் போக வேண்டும். ஒரு பக்கம் மட்டும் துர்நாற்றத்தோடு சளி வந்தால் மேல்கடைவாய்ப் பல்லையும் காட்டுங்கள். சொத்தை வேர் வழியாகக் கன்ன சைனஸுக்குச் சீழ் போவது உண்டு. இன்னொன்று: "சைனஸ் தலைவலி" என்று வருடக்கணக்காகச் சொல்லிக்கொண்டிருக்கும் பலருக்கு உண்மையில் இருப்பது ஒற்றைத் தலைவலி. அதற்கு மருந்தே வேறு.

திருமந்திரத்தில் 16-64-32 என்று மாத்திரைக் கணக்கு இருக்கிறது. பிராமரியிலும் மூச்சை அடக்கிப் பிடிக்கலாமா?
– வாசகர், திருவண்ணாமலை

அந்தக் கணக்கு, இடது துளையில் 16 மாத்திரை இழுத்து, 64 நிறுத்தி, 32 விடும் பூரக-கும்பக-ரேசகத்துக்கு. ஒரு மாத்திரையை ஒரு நொடி என்று வைத்தாலும் மொத்தம் 112 நொடி, ஒரு மூச்சுக்குக் கிட்டத்தட்ட இரண்டு நிமிடம். பல வருடம் குருவிடம் இருந்து பழகியவர்களின் அளவு அது.

ஹட யோகப் பிரதீபிகை என்ற பழைய யோக நூல் பிராமரியை எட்டுக் கும்பகங்களில், அதாவது மூச்சை நிறுத்தும் பயிற்சிகளில், ஒன்றாக எண்ணுகிறது. ஆனால் செய்முறை சொல்லும் சுலோகத்தில் இருப்பது, ஆண் வண்டின் ஒலியோடு வேகமாக இழுத்து, பெண் வண்டின் ஒலியோடு மெல்ல மெல்ல விடுவது. பிரமரம் என்றால் வண்டுதானே. இழுக்கும்போது வரும் அந்த ஒலியை இன்று பெரும்பாலான வகுப்புகளில் விட்டுவிட்டார்கள், விட்டதில் நஷ்டமில்லை. தொண்டையைக் குறுக்கி ஒலியோடு இழுப்பது பழக்கமில்லாதவர்களுக்கு இருமலை வரவழைக்கும்.

அடக்கிப் பிடிப்பது வேண்டாம். இரத்த அழுத்தம், இதய நோய், கண் நீர் அழுத்தம், கர்ப்பம் இருந்தால் கண்டிப்பாக வேண்டாம்.

எந்த ஸ்ருதியில் ரீங்கரிப்பது? நான் 5 கட்டையில் பாடுகிறவள்.
– இசை மாணவி, தஞ்சாவூர்

தாழ்ந்த ஸ்ருதிதான் நல்லது, ஆனால் உங்கள் குரல் உருளாமல் நிற்கும் அளவுக்குத் தாழ்ந்தது. வாட்ஸ்அப்பில் 130 ஹெர்ட்ஸ் என்று ஓர் எண் சுற்றுகிறது. ஆண்கள் பாடும் 1 கட்டை ஆதார ஷட்ஜமம் கிட்டத்தட்ட அதுதான், 131 ஹெர்ட்ஸ். உங்கள் 5 கட்டை ஷட்ஜமம் 196. மந்தர பஞ்சமத்துக்கு, அதாவது கீழ் ஸ்தாயியின் 'ப'வுக்கு, இறங்கினால் 147. அங்கே நின்றாலே போதும். 130-ஐத் தொட்டே ஆக வேண்டும் என்று குரலை அடியில் போட்டு அரைத்தால் தொண்டைதான் காயும்.

தம்பூராவோ ஸ்ருதிப் பெட்டியோ போட்டுக்கொண்டு செய்யலாம். ஸ்ருதியிலிருந்து ஒலி கீழே நழுவும் கணம் காதுக்கு உடனே தெரியும், மூச்சு தீர்ந்துவிட்டது என்பதற்கு அதைவிட நல்ல கடிகாரம் இல்லை.

ரத்தக் கொதிப்புக்கு 8 வருடமாக மாத்திரை. மூன்று மாதமாக பிராமரி செய்கிறேன், கருவியில் 124/78 காட்டுகிறது. மாத்திரையை நிறுத்தலாமா?
– ஓய்வுபெற்ற வங்கி ஊழியர், மதுரை

நிறுத்தக் கூடாது. 124/78 என்பது மாத்திரையும் பயிற்சியும் சேர்ந்து காட்டும் எண்.

எப்போது அளக்கிறீர்கள் என்று எழுதவில்லை. ரீங்கரித்து முடித்த கையோடு அளந்தால் கொஞ்சம் குறைத்துத்தான் காட்டும். காரணத்தை நீங்களே தொட்டுப் பார்க்கலாம். இடது மணிக்கட்டில் கட்டை விரல் பக்கம் நாடியில் இரண்டு விரலை வைத்துக்கொண்டு ரீங்கரியுங்கள். இழுக்கும்போது துடிப்பு நெருங்கும், விடும்போது தள்ளித் தள்ளிப் போகும். இளைஞர்களுக்கு நன்றாகத் தெரியும், வயதாக ஆக இது மங்கும். விடும் மூச்சின்போது, மூளையிலிருந்து இதயத்துக்கு வரும் வேகஸ் நரம்பு இதயத்தைக் கொஞ்சம் பிடித்து நிறுத்துகிறது. ரீங்காரம் விடும் மூச்சை 8, 10 நொடிக்கு நீட்டுவதால் அந்தப் பிடிப்பும் நீள்கிறது. நிமிடத்துக்கு 15 மூச்சு 5-ஆகக் குறைகிறது. பலனில் பெரும்பங்கு இந்த நிதானத்துக்குத்தான் என்பது எங்கள் கருத்து. "வேகஸ் நரம்பை அதிரவைத்து எழுப்புகிறது" என்று படம் போட்டு விற்பதெல்லாம் கூடுதல் அலங்காரம்.

சரியாக அளக்க: பயிற்சிக்கு முன்பு, 5 நிமிடம் பேசாமல் உட்கார்ந்து, அதே கையில், காலை ஒன்று மாலை ஒன்று. ஒரு வாரம் எழுதி, அந்தத் தாளை மருத்துவரிடம் கொடுங்கள். அளவைக் குறைப்பதானால் அவர் குறைக்கட்டும்.

நாங்கள் கிறிஸ்தவர்கள். ஓம் சொல்லாமல் இதைச் செய்தால் பலன் உண்டா?
– வாசகி, நாகர்கோவில்

தாராளமாக. பிராமரியில் சொல்லே கிடையாது, ஒலி மட்டும்தான்.

உங்களுக்குப் பொருத்தமான ஆய்வும் ஒன்று இருக்கிறது. இத்தாலியில் பெர்னார்டி குழுவினர் 23 பேரை இலத்தீன் மொழியில் ஜெபமாலை சொல்ல வைத்தார்கள், 'ஓம் மணி பத்மே' என்று தொடங்கும் பௌத்த மந்திரத்தையும் சொல்ல வைத்தார்கள். 2001-இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வந்தது. இரண்டிலுமே மூச்சு நிமிடத்துக்குச் சுமார் 6-ஆக இறங்கியது, ரத்த அழுத்தத்தைச் சீர்செய்யும் அனிச்சைச் செயலும் கூர்மையானது. மாதாவைக் கூப்பிட்டாலும் மணியைக் கூப்பிட்டாலும் மூச்சின் நீளம் ஒன்றாக இருந்தது.

ஓங்காரத்துக்குத் தனிச் சிறப்பே இல்லையா என்று அடுத்த தரப்பு கோபிக்கும். பெங்களூரு நிமான்ஸ் மனநல, நரம்பியல் நிறுவனத்தில் 12 பேரை எம்.ஆர்.ஐ. கருவிக்குள் படுக்கவைத்து ஓம் ஓதச் செய்து பார்த்ததில், அச்சம், பதற்றம் போன்ற உணர்ச்சிகளோடு தொடர்புடைய மூளைப் பகுதிகளின் செயல்பாடு தணிந்தது. அதே அளவு நேரம் 'ஸ்ஸ்ஸ்' என்று நீட்டச் செய்தபோது அப்படித் தணியவில்லை. இது 2011-இல் வந்த முன்னோட்ட ஆய்வு. 'ஸ்' அதிராது, 'ம்' அதிரும். எனவே பலன் ஓம் என்ற சொல்லுக்கா, அதன் அதிர்வுக்கா என்பதை இந்த ஒப்பீடு பிரித்துக் காட்டவில்லை. ஓம் சொல்கிறவர்கள் 'ஓ'வைச் சுருக்கி 'ம்'மை நீட்டுங்கள். கூட்டு வழிபாட்டில் 'ஓ'வை முழங்கிவிட்டு 'ம்'மை ஒரு நொடியில் முடித்துவிடுகிறார்கள், மூக்குக்கு அப்போது ஒன்றும் கிடைப்பதில்லை.

நாளுக்கு ஆறு பீரியட் கத்தி, சாயங்காலம் குரலே வருவதில்லை. ரீங்காரம் உதவுமா?
– பள்ளி ஆசிரியை, திருச்சி

உதவும். யோகா வகுப்புக்கே போகாத பேச்சுப் பயிற்சியாளர்களும் குரல் சோர்வுக்கு ரீங்காரத்தைச் சொல்லித்தருகிறார்கள். காற்று வெளியேறும் வழி பாதி மூடிய நிலையில் ஒலித்தால், மேலேயிருந்து திரும்பும் காற்றழுத்தம் குரல் நாண்கள் ஒன்றோடொன்று அடித்துக்கொள்ளாமல் மெத்தை போலத் தாங்கும்.

முதல் மணி அடிப்பதற்கு முன் 2 நிமிடம், மதிய இடைவேளையில் 2 நிமிடம், வீடு திரும்பியதும் 2 நிமிடம். ஒலி மிகச் சின்னதாக இருக்கட்டும். அதிர்வு உதட்டிலும் மூக்குத் தண்டிலும் தெரிய வேண்டும், தொண்டையில் தெரிந்தால் பிழை. தொண்டையில்தான் தெரிகிறது என்றால், ஒருவர் சொல்வதை 'ம்ம்?' என்று கேட்பது போலச் சாதாரணமாக ஒருமுறை ஒலித்துப் பாருங்கள். அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டு நீட்டுங்கள். குரல் கட்டிய நாளில் கிசுகிசுத்துப் பேசுவது ஓய்வு ஆகாது, பலருக்கு அது நாண்களை இன்னும் இறுக்கும். தொண்டையை 'க்ஹும்' என்று கனைப்பதற்குப் பதில் ஒரு மிடறு தண்ணீர் குடியுங்கள்.

குரல் கம்மல் 3 வாரத்தைத் தாண்டினால் தொண்டை மருத்துவரிடம் காட்டாமல் எந்தப் பயிற்சியும் வேண்டாம்.

குறட்டை நிற்குமா? (சேலம்)

ரீங்காரத்தால் நிற்கும் என்று சொல்ல ஆதாரம் கிடையாது. ஆஸ்திரேலியப் பழங்குடியினரின் நீண்ட ஊதுகுழலான டிஜெரிடூவை, மிதமான தூக்க மூச்சுத் தடை உள்ளவர்கள் 4 மாதம் ஊதிப் பழகியபோது பகல் தூக்கம் குறைந்ததாக 2006-இல் சுவிட்சர்லாந்து ஆய்வு ஒன்று காட்டியது. அது தொண்டைத் தசைக்கு நல்ல உடற்பயிற்சி, ரீங்காரம் அவ்வளவு வேலை வாங்குவதில்லை. தூக்கத்தில் மூச்சு நின்று திணறி எழுகிறீர்கள் என்றால் தூக்கப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள்.

காதில் எப்போதும் 'ஙொய்' என்று இரைச்சல். செய்யலாமா? (புதுச்சேரி)

காதை மூடாமல் செய்யுங்கள். மூடினால் சிலருக்கு இரைச்சல் தூக்கலாகத் தெரிந்து எரிச்சல்தான் மிஞ்சும். காதில் சீழ் வடிந்தாலோ செவிப்பறையில் ஓட்டை இருந்தாலோ முதலில் சிகிச்சை. ஒரு காதில் மட்டும் இரைச்சல் என்றால் கேட்புத் திறன் சோதனை தள்ளிப்போடக் கூடாதது.

கர்ப்பிணிகள்? குழந்தைகள்? (வேலூர், யாழ்ப்பாணம்)

கர்ப்பிணிகள் நாற்காலியில் உட்கார்ந்து, காதை மூடாமல், மூச்சை நிறுத்தாமல், 5 நொடி ஒலியோடு செய்யலாம். ஐந்து வயதுக்கு மேல் குழந்தைகளுக்கு வண்டு விளையாட்டாகச் சொல்லிக்கொடுங்கள், மூன்று முறை போதும். யார் அதிக நேரம் இழுப்பது என்று போட்டி வைத்தால் முகம் சிவக்க அடக்குவார்கள். அதை மட்டும் தவிர்த்துவிடுங்கள்.

நடு இரவில், எந்த உயிரின் ஓசையும் கேட்காத இடத்தில் செய்ய வேண்டும் என்று கேரண்ட சம்ஹிதை என்ற யோக நூல் சொல்கிறதாமே. அடுக்குமாடியில் எப்படி? பக்கத்து வீட்டுக்காரர் ஏற்கெனவே முறைக்கிறார்.
– வாசகர், தாம்பரம்

ஆமாம், அப்படித்தான் இருக்கிறது. அந்த ஒலியை மட்டுமே கேட்க வேண்டும் என்பதற்காக அமைதி தேடியிருக்கிறார்கள். உங்களுக்கு விடியற்காலை வெறும் வயிறும், இரவு சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்துத் தூங்கப் போகும் நேரமும் பொருந்தும். படுத்துக்கொண்டு செய்ய வேண்டாம், உட்கார்ந்து முடித்துவிட்டுப் படுங்கள்.

பக்கத்து வீட்டுக்குக் கேட்கிறது என்றால் ஒலி தேவைக்கு மேல் இருக்கிறது. கதவைச் சாத்திவிட்டு, அடுத்த அறையில் இருப்பவரிடம் கேட்கிறதா என்று கேளுங்கள். "ஃப்ரிட்ஜ் ஓடுவது மாதிரி இருக்கிறது" என்று அவர் சொன்னால் அளவு சரி.